நீர்ப்பனி வேறு, உறைபனி வேறு: எங்கள் நிலைய இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநர் ஐயாவுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

நவம்பர் முதல் வாரம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். நேரில் சொல்ல வந்தேன், எழுத்தில் கொடுங்கள் என்றார்கள். எழுத்தில் கொடுத்தேன், பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி பதில் வந்தது. ஜனவரி முடியப்போகிறது, பரிசீலனை இன்னும் முடியவில்லை. பனிக்காலம் அதுவரை காத்திருக்காது என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சுற்றறிக்கையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வேலை நேரத்தில் லேபிலும் களத்திலும் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும். களக் குறிப்பேடு, வாட்ஸ்அப் குழு, வாக்கி-டாக்கி எல்லாவற்றுக்கும் இதுதான் விதி. தரவுத்தாளில் இருந்த ‘உள்ளூர்ப் பெயர்’ என்ற கட்டம் எடுக்கப்படுகிறது. புதன்கிழமை மாலை டீ நேரத்தில் நாங்கள் நடத்திவந்த மொழி மேஜை நிறுத்தப்படுகிறது. காரணம், ‘உலகத்தரமான ஆய்வுச் சூழல்’. இரண்டாவது வாரமே கேன்டீனில் தங்களுக்குள் படுக மொழியில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு எச்சரித்தீர்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது பஸ் நேரம் பற்றி.

நான் இங்கே 19 வருடமாகத் தொழில்நுட்ப அலுவலராக இருக்கிறேன். ஓடைகளில் நீர் அளப்பதும் மண், புல், பனி கணக்கு எடுப்பதும் என் வேலை. அந்த வேலையை வைத்தே பேசுகிறேன்.

பனியிலிருந்து தொடங்கலாம். நீலகிரியில் யாரைக் கேட்டாலும் பனி இரண்டு வகை என்பார்கள். மழை விட்டதும் முதலில் வருவது நீர்ப்பனி. விடிகாலையில் புல்லெல்லாம் நனைந்து கிடக்கும், வெயில் பட்டதும் போய்விடும், செடிக்குப் பெரிய சேதம் இல்லை. அதற்குப் பிறகு, டிசம்பர் வாக்கில், உறைபனி. உப்பைத் தூவினாற்போல் புல்மேடு வெளுத்திருக்கும், கால் வைத்தால் நறநறவென்று நொறுங்கும், மத்தியானத்துக்குள் தேயிலைக் கொழுந்து தீயில் காட்டினதுபோல் கருகிவிடும். நீர்ப்பனி தொடங்கியதுமே விவசாயிகள் இளம் செடிகளை மூடப் பெரணித் தழை அறுத்துவைப்பார்கள். எத்தனை நாள் நீர்ப்பனி இருந்து எந்தத் தேதியில் உறைபனியாக மாறியது என்பதுதான் எங்கள் பதிவேட்டிலேயே விலைமதிப்பான வரி. காலையில் அளவு எடுக்கும் படுகர் தம்பி 14 வருடமாக இந்த இரண்டு சொல்லையும் தமிழில்தான் எழுதிவந்தார்.

உங்கள் புதிய தாளில் இதற்கு ஒரே ஒரு கட்டம். ‘ஃப்ராஸ்ட்: யெஸ் அல்லது நோ.’

நடந்தது என்ன? நவம்பரில் தம்பி நீர்ப்பனியையும் ஃப்ராஸ்ட் என்று எடுத்துக்கொண்டு யெஸ் போட்டார். அவர் எத்தையம்மன் பண்டிகைக்கு லீவில் போன நாட்களில் பதிலுக்கு வந்தவர், தரை வெளுத்திருந்தால் மட்டுமே யெஸ் என்று முடிவு செய்துகொண்டார். எக்செல் தாளைத் திறந்தால் இந்த வருடம் உறைபனி நவம்பரிலேயே வந்து, டிசம்பரில் திடீரென்று குறைந்ததுபோல் இருக்கிறது. ஒரு வருடத் தொடர் கெட்டுவிட்டது. இரண்டு பேர் மேலும் தப்பு இல்லை, தாள் மேல் தப்பு.

சரி, இது காகிதத்தோடு போனது. அடுத்தது அப்படியில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம், காலை ஏழு மணி, பத்தடிக்கு மேல் கண் தெரியாத மூடுபனி. மேல் ஓடையில் நீர்மட்டம் பார்க்கப் போனோம், நானும் கல்கத்தாவிலிருந்து வந்திருக்கும் ஆய்வு மாணவரும். எங்களுக்கு முன்னால் வழி பார்த்துக்கொண்டே போனவர் எங்கள் குறும்பர் அண்ணன். வாக்கி-டாக்கியில் ஒரு கரகரப்பு. அப்புறம் சத்தமே இல்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. நான்கைந்து விநாடி இருக்கும். அதற்குப் பிறகு, “பஃபலோ… பஃபலோ கமிங்.” மாணவர் நிற்காமல் நடந்தார். ஏன் நிற்பார்? எங்கள் தளத்தைச் சுற்றித் தோடர்களின் எருமைகள் மேய்வதைத் தினமும் பார்க்கிறவர் அவர், பஃபலோ என்றால் அவருக்கு அதுதான். நான் அவர் பையைப் பிடித்து இழுத்ததற்குக் காரணம் அந்தச் சொல் இல்லை, அதற்கு முந்தின மௌனம். அண்ணன் அப்படி மூச்சு வாங்கி நான் கேட்டதே இல்லை. சோலை ஓரத்திலிருந்து தனிக் காளையாக ஒரு காட்டுமாடு பாதையைக் குறுக்கே கடந்து போனது, மாணவர் நின்றிருக்க வேண்டிய இடத்தில். வளர்ந்த காளை ஆயிரம் கிலோவை நெருங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது அண்ணன் சொன்னார், “‘காட்டுமாடு’ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு மேடம். மெமோ குடுப்பாங்கன்னு முழுங்கிட்டேன்.”

இந்தச் சம்பவத்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன். யாரும் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மொழி மேஜையை வெட்டிப்பேச்சு என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதி உண்மை, நிறைய சிரிப்பும் இருந்தது. ஆனால் அது தொடங்கிய கதையே எங்கள் தவறிலிருந்துதான். ஏழு வருடத்துக்கு முன் மணிப்பூரிலிருந்து ஒரு தங்கை சேர்ந்தார். நாங்கள் ஆறு பேர் டீ குடிக்க உட்கார்ந்தால் தானாகத் தமிழுக்குத் தாவிவிடுவோம். ஒருநாள் அவர் சொன்னார், “அக்கா, நீங்க எல்லாரும் சிரிக்கிறப்ப நானும் சிரிச்சிடுவேன், எதுக்குன்னு தெரியாது.” எனக்குச் சுருக்கென்று இருந்தது. உங்கள் சுற்றறிக்கையில் ‘சிலர் ஒதுக்கப்பட்டதாக உணர்கிறார்கள்’ என்று ஒரு வரி வருகிறதே, அந்த வரியை நான் மறுக்கவில்லை. இந்த மடலும் தமிழுக்குக் கொடி பிடிக்க எழுதியது கிடையாது. படுகரும் கோத்தரும் தோடரும் இருளரும் இருக்கும் மலையில் தமிழும் ஓர் அதிகார மொழிதான், அதை வைத்து நாங்களும் பலரை வாயடைக்க வைத்திருக்கிறோம்.

அதற்கு அந்தத் தங்கையே ஒரு வழி கண்டுபிடித்தார். வாரம் ஒரு மொழி, அந்த மொழிக்காரர்தான் அன்றைக்கு வாத்தியார், மற்ற எல்லோரும் முட்டாள்கள். முதல் வாரம் அவருடைய மெய்தேய். டீ கொண்டுவந்து வைத்த கேன்டீன் அண்ணனிடம் “தாகத்சரி” என்றார், அவர்கள் மொழியில் நன்றி. அண்ணன், “தாகம் சரியாகலையாம்மா?” என்று உள்ளே போய் இன்னொரு டீ எடுத்துவந்தார். அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் தாகத்சரி என்றால் இரண்டாவது டீ என்று பொருள். அந்தத் தங்கை அதற்குப் பிறகு புரியாமல் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த மேஜையிலிருந்து வேலைக்கு வந்தது என்ன என்று கேட்பீர்கள். ஒன்று சொல்கிறேன். கல்கத்தா மாணவர் வந்த புதிதில் வரைபடத்தை வைத்துக்கொண்டு ‘சீகூர் ஹள்ளா’ என்ற ஊர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். படுகர் தம்பி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஹள்ளி என்றால்தான் ஊர், ஹள்ள என்றால் ஓடை என்றார். நான் அதற்குத் தமிழில் பள்ளம் என்றேன். யாரோ பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு எழுத ஆரம்பித்தார்கள். பால், ஹாலு. பல், ஹல்லு. பள்ளி, ஹள்ளி. பள்ளம், ஹள்ள. வங்காளி மாணவர் புள்ளியியல் படித்தவர், அரைமணி நேரத்தில் தானே விதியைப் பிடித்துவிட்டார். தமிழிலும் மலையாளத்திலும் சொல் முதலில் ப வரும் இடத்தில் கன்னடத்திலும் படுக மொழியிலும் ஹ வருகிறது. பழைய கன்னடத்திலும் ப தான் இருந்தது, பிறகு மாறியது என்று மைசூர்க்கார நண்பர் சேர்த்துச் சொன்னார். அன்று மாணவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அவருடைய ஆய்வில் வரைபடம் சரியாக வந்த நாளில்கூட அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

மறுவாரம் அவர் வரைபடத்தை மறுபடியும் விரித்து, பெயர் ஹள்ள என்று முடிகிற, ஆனால் ஓடையே குறிக்கப்படாத இடங்களை வட்டம் போட்டுக்கொண்டு வந்தார். அதில் ஒன்று எங்கள் நீர்ப்பிடிப்புக்குள்ளேயே, கற்பூர மரக்காட்டுக்கு, அதாவது யூகலிப்டஸ் காட்டுக்கு, கீழே இருந்தது. பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரு பாட்டியிடம் தம்பி படுக மொழியில் கேட்டார். தான் கல்யாணமாகி வந்த புதிதில் அங்கேதான் துணி துவைத்தோம் என்றார் பாட்டி. துவைக்கிற கல்லைக்கூடக் கையைக் காட்டிச் சொன்னார், போய்ப் பார்த்தால் செடி மூடிக் கிடந்தது அந்தக் கல். கற்பூர மரம் தண்ணீரைக் குடிக்கும் என்பது நீலகிரியில் அளந்தே நிரூபிக்கப்பட்ட விஷயம். கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், மரம் நட்ட பக்கத்தில் முதல் 10 வருடத்தில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் எங்கள் காட்டில் எந்த இடத்தில் அளவுகோல் நட வேண்டும் என்பதை எங்களுக்குக் காட்டியது ஓர் இடப்பெயரின் கடைசி மூன்றெழுத்து. அந்த இடத்துப் பெயர் உங்கள் புதிய தாளில் ‘சைட் 7’.

தோடர் மொழி வாரத்தை மறக்கவே முடியாது. எங்கள் தோடர் பெரியவர் நாக்கை மூன்று வேறு இடங்களில் வைத்து மூன்று விதமாக ர உருட்டிக் காட்டினார். எங்களுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் கேட்டது. ர-வையும் ற-வையுமே ஒன்றாக்கிவிட்ட ஆட்கள் நாம், நமக்கு அதற்குமேல் எங்கே கேட்கும். எமனோ என்ற மொழியியலாளர் 1935 முதல் 1938 வரை இந்த மலையிலும் குடகிலும் தங்கித் தோடர், கோத்தர், படுகர் மொழிகளை அவர்கள் வாயிலிருந்தே கேட்டு எழுதியவர். மொழிக் குடும்பம் வேறாக இருந்தாலும் பக்கத்தில் பக்கத்தில் வாழும் மொழிகள் ஒன்றுபோல் ஆகிவிடும், இந்தியா முழுவதுமே அப்படி ஒரு மொழிப் பரப்பு என்று 1956-ல் அவர் எழுதிய கட்டுரை மொழியியலில் இன்றும் பேசப்படுகிறது. உலகத்தரம் என்று கேட்டீர்களே ஐயா, அதற்குச் சொன்னேன்.

அந்தப் பெரியவர் சதுப்பில் நிற்கும் ஒரு புல்லைத் தனியாக இனம் பிரித்துச் சொல்வார். அவர்களுடைய பால்கோயில் கூரை வேய்வதற்கென்று எடுக்கும், நீலகிரிக்கே உரிய புல். எங்கள் பழைய தாள்களில் நாங்கள் அதையும் மற்றதையும் சேர்த்து ‘சதுப்புப் புல்’ என்று எழுதிவைத்திருந்தோம். அவர் சொல்லும் பெயர் நம் எழுத்துக்குள் அடங்காது, ஆங்கில எழுத்துக்குள்ளும் அடங்காது. அதனால் அவர் குரலிலேயே பதிவு செய்து கோப்புகளாக வைத்தோம். ஏறத்தாழ 2,000 பேர் மட்டுமே இருக்கும் ஒரு சமூகத்தின் மொழி அது. இப்போது அந்தக் கோப்புகளை எல்லாம் ‘தரவு அல்லாதவை’ என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டருக்கு மாற்றியிருக்கிறார்கள், மார்ச் மாதம் சர்வரைச் சுத்தம் செய்யும்போது போய்விடும் என்கிறார்கள்.

இதே பெரியவரைத்தான் இந்த வாரம் குடியரசு தின விழாவுக்கு, சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த பூத்துக்குளி போர்த்திக்கொண்டு வந்து சிறப்பு விருந்தினருக்கு மாலை போடச் சொன்னீர்கள். வந்தார், போட்டார், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைத் தொகுப்பாளர் பெருமையாகச் சொன்னார். பெரியவரிடம் மைக்கைக் கொடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கொடுத்திருந்தாலும் எந்த மொழியில் பேசியிருப்பார்?

ஊட்டிப் பக்கத்தில் முத்தோரையில் நிற்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பற்றி நம் எல்லோருக்கும் தெரியும். 1970-ல் கட்டியது, 530 மீட்டர் நீளம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய ஆட்களும் ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமாக 11 டிகிரி அளவில் வடக்கு தெற்காகச் சரிந்திருக்கும் ஒரு மலையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள், அதனால் அந்த நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகவே படுத்திருக்கிறது, வானில் நகரும் பொருளைப் பின்தொடர ஒரே அச்சில் திருப்பினால் போதும். இதே ஊட்டியில் இந்தியர்களும் ஜப்பானியர்களும் சேர்ந்து நடத்தும் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் 2014 டிசம்பர் 1-ம் தேதி வந்த ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தத்தை 130 கோடி வோல்ட் என்று கணித்தார்கள். இந்த ஊருக்கு உலகத்தரம் புதிதாக வந்த விருந்தாளி கிடையாது. மலை எப்படிச் சரிகிறது என்று பார்த்து அதற்கேற்பக் கருவி வைத்தவர்களின் ஊரில், மலையில் இருக்கிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பது மட்டும் எப்படி இடைஞ்சலாகிப் போனது என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொந்த விஷயம்தான். நான் கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவள். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். வீட்டில் மலையகத் தமிழ், வெளியே மலையாளம், பள்ளிக்கூடத்தில் கூட உட்கார்ந்த பிள்ளைகள் பணியர், செட்டிமார். என் தமிழைக் கேட்டு ‘சிலோன் கேஸ்’ என்று சிரித்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள், வேலைக்குச் சேர்ந்த இடத்திலும் இருந்தார்கள். அதனால் முதல் இரண்டு வருடம் கூட்டங்களில் நான் வாயே திறக்கவில்லை. அளவு தப்பு என்று தெரிந்தும் சொல்லாமல் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. அண்ணன் ‘காட்டுமாடு’ என்ற சொல்லை முழுங்கினாரே, அந்த முழுங்கல் எனக்கு நன்றாகத் தெரியும்.

கட்டுரைகள் ஆங்கிலத்தில் வரட்டும், நானும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன், அதில் சண்டை இல்லை. நான் கேட்பது இவ்வளவுதான்.

வாக்கி-டாக்கிக்கும் களத்துக்கும் போட்ட மொழி விதியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மற்றவற்றை யோசித்துச் செய்யலாம், இதை யோசிக்க நேரமில்லை. ஆபத்து என்றால் எந்த மொழியில் வாயில் வருகிறதோ அந்த மொழியில் கத்தலாம் என்று எழுத்தில் கொடுங்கள். காட்டுமாடு, யானை, கரடி, சிறுத்தை, மண்சரிவு, இந்த ஐந்துக்கும் எங்கள் ஆட்கள் பேசும் எல்லா மொழிகளிலும் உள்ள சொற்களைப் புதிதாக வரும் ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். அதை நான் செய்கிறேன், தனியாகச் சம்பளம் வேண்டாம்.

தரவுத்தாளில் உள்ளூர்ப் பெயர் கட்டத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள், யார் சொன்ன பெயர், எந்த மொழி என்பதற்கும் சேர்த்து இடம் விட்டு. பனிக்கு இரண்டு கட்டம் வேண்டும். ‘சைட் 7’-க்கு அதன் பெயரைக் கொடுங்கள்.

குரல் பதிவுகளை அழிக்கக்கூடாது. அவற்றை வைத்துக்கொள்வதா, வெளியிடுவதா, யாருக்குக் கொடுப்பது என்பதைப் பெரியவரிடமும் அவருடைய மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், உள்ளவர்களிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள், கேட்கும்போது மொழிபெயர்க்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தரவை வைத்து வரும் கட்டுரைகளில் களப்பணியாளர்களின் பெயரும் வர வேண்டும். ‘உள்ளூர் உதவியாளர்களுக்கு நன்றி’ என்ற வரி போதாது.

கேன்டீனில் எச்சரிக்கப்பட்ட இரண்டு பேரிடமும் யாராவது போய் வருத்தம் தெரிவியுங்கள்.

மொழி மேஜையை மறுபடியும் அனுமதியுங்கள். புரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்த்துத்தான் ஆக வேண்டும் என்று விதி போடுங்கள், அந்த விதியை மீறும் தமிழர்களில் முதல் ஆளாக எனக்கே மெமோ கொடுங்கள். ஒரு புதன்கிழமை நீங்களும் வாருங்கள் ஐயா. உங்கள் தாய்மொழி எங்களில் ஒருவருக்கும் தெரியாது, வந்து இரண்டு வருடமாகியும் அதில் ஒரு சொல்கூட நீங்கள் எங்களிடம் பேசியதில்லை.

உறைபனி பிப்ரவரியிலும் இருக்கும். திங்கட்கிழமைக்குள் பழைய தாளை அச்சடித்துக் கொடுத்தால் மிச்சமிருக்கும் காலைகளையாவது சரியாக எழுதிவிடலாம். தம்பி ஐந்தரை மணிக்கே புல்மேட்டுக்குப் போய்விடுவார், அதற்கு முன்னால் தாள் அவர் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நீரளவுப் பிரிவின் தொழில்நுட்ப அலுவலர் ஒருவர்,
உதகமண்டலம்